அடகுக் கதவுகள்

மகள் கோமதியின் கல்யாணத்துக்குக் கடன் வாங்குவதா வேண்டாமா என்று பொன்னுலிங்கம் இன்னும் முடிவு செய்யவில்லை. வட்டிக்காரர் குற்றாலிங்கம் நகையோ பத்திரமோ கேட்பதில்லை. வீட்டின் வாசல்கதவைக் கழற்றிக் கொடுத்தால் போதும்.

"கதவத்தானே கேக்காவ, வீட்டையா கேக்காவ? சேலையத் தொங்கவிட்டுக்கிடுவோம்" என்று மனைவி செண்பகம் சொல்லியனுப்பியிருந்தாள்.

குற்றாலிங்கத்தின் சரக்குக் கிட்டங்கியில் சுவரோடு நாற்பது கதவுகள் சாய்ந்து நின்றன. சிலவற்றில் வைத்த குங்குமம் இன்னும் அழியவில்லை. குற்றாலிங்கம் கடன்சீட்டை நீட்டியபோது, ஒரு கதவை அந்தப் பக்கமிருந்து யாரோ தட்டினார்கள். அந்தப் பக்கம் வெறும் சுவர்.

"அது ராசமணி வீட்டுக் கதவு. கட்டிக்கொடுத்த பொண்ணு வந்திருக்கும்."

"அவன் வீட்டுலதான் கதவே இல்லையே. நேரா உள்ள போவலாம்லா?"

"கதவு இல்லாத வீடு பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியாது அண்ணாச்சி."

"அப்பா" என்றது குரல், மெதுவாக. பொன்னுலிங்கத்தின் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போனது. குற்றாலிங்கம் தடுக்கவில்லை. மூடியைக் கழற்றிப் பேனாவைச் சீட்டின்மேல் வைத்தார்.

"திறந்து பாத்துக்கிடுங்க. எல்லாரும் ஒருதடவ திறந்து பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டாவ."