விண்டர்பெரி காய்த்த வருடம்

செடி காய்த்துவிட்டது. இலையெல்லாம் கொட்டிப்போன மொட்டைக் குச்சிகளில் இடம் விடாமல் சிவப்பு.

லொரெய்ன் அதன் பக்கத்தில், தானே பெற்றெடுத்தவள் போல நின்றாள்.

இரண்டு குளிர்காலமாக இந்த விண்டர்பெரிப் புதர் ஒரு பழம்கூடக் காட்டாமல் அவள் மானத்தை வாங்கியது. ராபின் பறவைகள் வந்து பார்த்து, ஏமாந்து, அடுத்த தெருவுக்குப் போயின. பறவைச் சங்கத்தார் வந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். 'பறவைகளின் தோட்டம்' என்று சங்கம் தரும் பச்சைப் பலகை தெருவில் எல்லார் வாசலிலும் இருந்தது. அதற்காகப் புல்வெளியையே தோண்டி எறிந்த லொரெய்ன் வாசலில்தான் இல்லை.

இன்று சங்கத்திலிருந்து பெத்தனி என்ற பெண் வந்திருந்தாள். புதரைச் சுற்றி வந்தாள். பிறகு எதையோ தொலைத்தவள் போலத் தோட்டம் முழுவதையும் சுற்றி வந்தாள்.

"பழம் பிரமாதம். ஆண் செடி எங்க?"

"எது?"

"இது பெண் செடிங்க. பக்கத்துல ஆண் ஒண்ணு பூத்தாத்தான் இது காய்க்கும். ஆண் காய்க்காது. சும்மா நிக்கும்."

லொரெய்ன் புதருக்குப் பக்கத்து வெறும் மண்ணைப் பார்த்தாள்.

அப்படி ஒன்று இருந்தது. வருடக்கணக்கில் உரத்தைத் தின்று கொழுத்து, ஒரு பழமும் தராமல், இதன் பக்கத்திலேயே நின்றது. அந்த இரண்டு வெறும் குளிர்காலத்துக்கும் முன்னால், புருஷன் ட்வைட்டை வீட்டை விட்டு விரட்டிய அன்று அதையும் வேரோடு பிடுங்கி அவன் டிரக்கில் வீசினாள். "ரெண்டும் ஒரே ரகம். நிக்கிறதத் தவிர ஒண்ணும் தெரியாது!" என்று தெருவே கேட்கக் கத்தினாள். ட்வைட் டிரக்கின் பின்பக்கம் ஏறினான். செடியை நிமிர்த்தி வைத்து, கயிறு கட்டி, மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான்.

"ஆண் செடியக் காட்டினாத்தான் பலகை," என்றாள் பெத்தனி. "அடுத்த வருஷமும் பழம் வரணுமில்ல? இங்கதான் எங்கயோ கிட்டத்துல நிக்குது."

லொரெய்ன் கிழக்குப் பக்க வேலியைப் பார்த்தாள். இந்த வருட வசந்தத்தில் எழுப்பியது. ஆள் உயரத்துக்கு மேல், கண் நுழைய இடமில்லாமல். காற்று அதிகம், அதனால்தான் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தாள்.

யாரும் நம்பவில்லை. பக்கத்து வீட்டு ஹாரியட்டோடு அந்த வசந்தத்தில் யார் குடிவந்தார் என்று தெருவுக்கே தெரியும். டிரக்கில் என்னத்தைக் கொண்டுவந்தார் என்று பார்க்க மட்டும் லொரெய்னுக்குத் தோன்றவில்லை.

அவள் எழுப்பிய வேலி, பூவுக்குப் பூ மகரந்தம் சுமக்கும் தேனீக்கு ஒரு பொருட்டா?

வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறினாள்.

அந்தப் பக்கம் அதே செடி. ஒரு பழமில்லை. அதனருகே, ஹாரியட்டின் பூப்போட்ட அங்கியை மாட்டிக்கொண்டு, காபிக் கோப்பையோடு ட்வைட் சும்மா நின்றுகொண்டிருந்தான்.

திட்டுவதற்கு நிறைய சேர்த்து வைத்திருந்தாள். எல்லாம் தொண்டை வரை வந்தது. ஆனால் பலகை வேண்டும். ராபின்கள் வேண்டும்.

"ட்வைட்! நீ எங்க வேணா போய்த் தொலை. அந்தச் செடி மட்டும் அங்கயே நிக்கட்டும், கேட்டியா?"

ட்வைட் ஒரு மிடறு காபி குடித்தான்.

"நிக்கும், லொரெய்ன். எங்களுக்கு வேற என்ன தெரியும்?"