பாக்கி நின்ற பொங்கல்

“இவ கன்னத்துக் கட்டி கரைஞ்சு வருசம் ஒண்ணாச்சு. சேர்வராயனுக்குப் பொங்கல் வெக்கறேன்னு வேண்டிக்கிட்டவ, இன்னும் வெக்காம இருக்கறா. நீங்களே கேளுங்க டாக்டரம்மா.”

கிளியூர் சித்தன் மனைவியைப் போட்டுக்கொடுத்தார். ஏற்காட்டு முகாமுக்காகச் சேலத்திலிருந்து மலையேறி வந்திருந்த டாக்டர் புவனா சிரித்து வைத்தாள்.

“ஏம்மா வைக்கலை?”

“தங்கம் எங்க போச்சுன்னு தெரியாம எப்படிங்க வெக்கறது?” என்றாள் அத்தாயி. “இன்னைக்குச் சொல்றேன்னீங்கல்லங்க.”

புவனாவுக்கு அதைச் சொல்லத்தான் தயக்கமாக இருந்தது. அது ஒரு மருத்துவ ஆய்வு. கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்களை ஊசி வழியே புற்றுக்கட்டிக்குள் செலுத்தினால், எக்ஸ்ரே கதிர் அந்த இடத்தில் கூடுதலாகச் சுடும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பாதிப் பேருக்குத் தங்கம், மீதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். கதிர் எல்லோருக்கும் உண்டு. யாருக்கு எந்த ஊசி என்று குலுக்கிப் போட்டது கம்ப்யூட்டர். ஆய்வு முடியும்வரை டாக்டர்களுக்கே தெரியாது; பட்டியல் இப்போதுதான் வந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அத்தாயிக்குப் பக்கத்துக் கட்டிலில் அப்போது கைக்குழந்தையோடு கிடந்த நாகலூர் கீர்த்திகா, குணமாகி, நடக்கத் தொடங்கிவிட்ட குழந்தையை இடுக்கிக்கொண்டு சற்று முன்புதான் வந்து போனாள். “அத்தாயக்காகிட்ட நீங்களே சொல்லிருங்க, எனக்கு பஸ் வந்துருச்சு” என்று ஓடிவிட்டாள்.

புவனா அத்தாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்களுக்குப் போட்டது உப்புத்தண்ணிதாம்மா. கதிர்லயே குணமாயிட்டீங்க. அதுவும் நல்லதுதானே?”

“உப்புத்தண்ணியா?” சித்தனுக்கு முகம் தொங்கிவிட்டது. “எம் பொண்டாட்டி ஒடம்புல தங்கம் ஓடுதுன்னு எஸ்டேட்டு முச்சூடும் சொல்லிப்போட்டனே. இனி அந்தக் கணக்கெழுதற ரைட்டரு என்னைய ஓட்டியே சாகடிப்பான்.”

அத்தாயி அவர் பக்கம் திரும்பவில்லை. “கீர்த்திகாவுக்குங்க?”

“அவங்களுக்குத் தங்கம். உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க.”

“பாத்தியா, அதுக்குக் கெடைச்சிருக்குது” என்றார் சித்தன். “உனக்கு வேண்டுதலே பலிக்கலை. பொங்கலும் இல்லை, ஒண்ணும் இல்லை. கெளம்பு, ஊட்டுக்குப் போலாம்.”

அத்தாயி மடியிலிருந்த பையைத் திறந்து பார்த்தாள். உள்ளே பச்சரிசியும் வெல்லமும் தயாராக இருந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“கோயிலுக்குப் போற ஜீப்பு எங்க நிக்குதுன்னு பாருங்க.”

“தங்கந்தான் கெடைக்கலையே, அப்புறம் எதுக்குடி பொங்கல்?”

“எனக்கு வேணும்னு யாருங்க வேண்டுனது? பாதிப் பேருக்குத்தான் தங்கம்னு டாக்டரம்மா சொன்ன அன்னைக்கே, ‘எம் பங்கை அந்தக் கைப்புள்ளைக்காரிக்குத் திருப்பி உட்ரு சாமி’ன்னுதானுங்க வேண்டுனேன்.”