உண்ணி கடித்த இடம்

2025 ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால் மணி. இரவு பெய்த மழையின் ஈரம் அம்பத்தூர்த் தெருக்களில் காயாமல் கிடக்க, அதன் மேல் புழுக்கம் ஏறிக்கொண்டிருந்தது.

மருத்துவமனையின் இரண்டாம் மாடி அறையில், கட்டிலருகே, காவலர் புஷ்பா கையில் ஒரு தாளுடன் நின்றாள்.

“இன்னாம்மா, பொண்ணு கையெய்த்து போடுமா, போடாதா? உன் கையெய்த்து எனக்கு ஒதவாது. சூடு பட்டவங்கதான் போடணும்.”

கலைவாணி கட்டிலைப் பார்த்தாள். கொரட்டூரில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மகள் சௌம்யா எழுதுவதுபோல் அந்தப் புகாரை அவள்தான் எழுதியிருந்தாள். எழுத வேண்டியது ஒரே வாக்கியம்தான்.

‘என் கணவன் சிகரெட்டால் சுட்ட தீக்காயம் என் பிடரியில் உள்ளது.’

‘கணவர்’ என்று எழுதக் கை வரவில்லை.

முந்தாநாள், காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்த மகளின் கழுத்தை ஈரத்துணியால் துடைக்கும்போது அதைப் பார்த்தாள். சிறு வட்டம். நடுவே கரி, சுற்றிலும் சிவப்பு. வானகரத்து அடுக்ககத்தின் பால்கனியில் நின்று புகை விடும் மருமகன் கோகுல்நாத் உடனே கண்ணில் வந்து நின்றான். அப்போது ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை.

எப்போது மகளைப் பார்க்கப் போனாலும் அவனும் கூடவே உட்கார்ந்திருப்பான். தனியாக ஒரு வாய் காப்பி குடித்ததில்லை இருவரும். அவன் மரியாதை தெரிந்தவன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள் கலைவாணி. அதை நினைக்க நினைக்கத் தன் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

சௌம்யா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

“இது அவர் செஞ்சதில்லம்மா.”

விடிந்ததிலிருந்து இதே பேச்சு. சுட்டவனுக்கு ‘அவர்’! கலைவாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாலையில் டிஸ்சார்ஜ். கையெழுத்து விழாவிட்டால் மகள் அந்த வீட்டுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

கதவு திறந்தது. டாக்டர் வனஜா உள்ளே வந்தார். அவர் பின்னாலேயே, கார்ச் சாவியை விரலில் சுழற்றியபடி, கோகுல்நாத்.

“ரிப்போர்ட் வந்துருச்சு. நான் நெனச்சதுதான்,” என்றார் டாக்டர். “உங்க வீட்டு நாய்க்கு யார் சீவி விடுறது?”

“இவதான்,” என்றான் கோகுல்நாத்.

“அப்ப சரி. இது சூடு இல்லம்மா, உண்ணி கடிச்சது. நாய் மேல கெட்டி ஓட்டோட ஒட்டிக்கிட்டு இருக்குமே, அதுதான். ரத்தம் குடிக்கும்போதே காய்ச்சல் கிருமியை உள்ள விட்டுரும். கடிக்கிறப்ப வலிக்காது. கடிச்ச இடம் மட்டும் பின்னாடி இப்படிக் கருகிரும். பார்த்தா அசல் சிகரெட் சூடு மாதிரியே இருக்கும்.” சௌம்யாவின் உள்ளங்கையை விரித்துச் சிவப்புப் புள்ளிகளைக் காட்டினார். “நீங்க அந்தக் காயத்தைக் காட்டினதாலதான் சந்தேகப்பட்டு மருந்தை மாத்தினேன். இல்லாட்டி இன்னும் டெங்குன்னே பார்த்துக்கிட்டு இருந்திருப்போம்.”

கோகுல்நாத் வாய்விட்டுச் சிரித்தான்.

“பாத்தீங்களா அத்தை? சுட்டவன் வீட்டுல வாலாட்டிக்கிட்டுப் படுத்திருக்கான். வாங்க, விலங்கு மாட்டிரலாம்.”

புஷ்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “உண்ணி மேல கேஸ் போட்டாக்க இன்ஸ்பெக்டரு என்னிய உரிச்சுடுவாரும்மா. நீங்க பொண்ண இட்டுகினு கெளம்புங்க சார்.”

கலைவாணியின் முகம் எரிந்தது. இரண்டு நாள் வளர்த்த கோபம், போக இடமின்றித் தன் பக்கமே திரும்பி நின்றது. தாளை வாங்கிக் கிழிக்கப் போனாள்.

“கிழிக்காதீங்க.” கோகுல்நாத்தின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. “பின்பக்கம் மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுங்க. இனிமே எங்க வீட்டுப் படி ஏற மாட்டேன்னும் சேர்த்துக்குங்க. டீச்சராச்சே, தப்பில்லாம எழுதுவீங்க.”

தவறு அவளுடையது. தவறு செய்தவர் வருந்துவதே முறை. கலைவாணி தாளைத் திருப்பி வைத்து, ‘நான்’ என்று தொடங்கினாள்.

“டாக்டர்.” சௌம்யா சுவரைவிட்டுத் திரும்பியிருந்தாள். “இப்படிக் கருகினா, ஒவ்வொரு தடவையும் காய்ச்சல் வருமா?”

“வராம இருக்காது. ஏம்மா, இதுக்கு முன்னாடியும் வந்திருக்கா?”

“காய்ச்சல் வந்ததில்ல.”

டாக்டர் அவளையே பார்த்தார். சாவி சுழல்வது நின்றது.

“சௌம்யா, எழுந்திரு. வண்டி வெயில்ல நிக்குது,” என்றான் கோகுல்நாத்.

சௌம்யா எழுந்து உட்கார்ந்தாள். அம்மாவின் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். தாளைப் பழையபடி திருப்பினாள்.

‘தீக்காயம்’ என்பதன் கடைசி எழுத்தை அடித்து, ‘ங்கள்’ என்று சேர்த்தாள். ‘பிடரியில்’ என்பதை அடித்து, மேலே ‘தொடைகளில்’ என்று எழுதினாள். சற்று நிதானித்தாள். பிறகு, பன்மைக்கு ஏற்ப, ‘உள்ளது’ என்பதை ‘உள்ளன’ என்று திருத்தினாள்.

கையெழுத்திட்டு, தாளைப் புஷ்பாவிடம் நீட்டினாள்.