நுரை அடங்கும் வரை

மூன்றாவது குத்தில் நரம்பு கிடைத்தது.

குழந்தை அவள் மடியில் கிடந்தான். கால்கள் இரண்டும் அவள் கைக்குள். அவனுடைய புறங்கையை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு நர்ஸ் பிளாஸ்திரி ஒட்டினாள்.

காதில் வைத்த பஞ்சு மறுபடியும் சிவந்துவிட்டது.

நேற்றுக் காலை குத்திய காது. இன்னும் நிற்கவில்லை.

ரத்தத்தை உறையவைக்கிற சத்து இவன் உடம்பில் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சத்துதான் தட்டில் இருந்த சின்னப் புட்டிக்குள் வெள்ளைப் பொடியாகக் கிடந்தது. நர்ஸ் இப்போதுதான் அதில் தண்ணீர் ஏற்றியிருந்தாள்.

இந்த ஆஸ்பத்திரியில் இருந்தது அது ஒன்றுதான்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று டாக்டர் கேட்டபோது, அவளை முந்திக்கொண்டு அத்தை பதில் சொன்னார்.

"எங்க பரம்பரையிலயே கிடையாதுங்க."

மாமியாரின் அந்தப் பதில் முடியும்வரை அவள் குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். போட்ட பொத்தானையே மறுபடியும்.

அவளுடைய அண்ணன் இளங்கோ. ஒரு பல் விழுந்தால் தலையணை நனையும். அவனுக்கும் இதே மாதிரிப் புட்டி வரும், ஐஸ் பெட்டிக்குள், பஸ்ஸில். அப்பாவுக்குக் கை நடுங்கும். கலக்குவது அவள் வேலை.

ஒரு மழைக்காலத்தில் பஸ் வரவில்லை.

பெண் பார்க்க வந்த அன்று, அவள் அண்ணன் எப்படி இறந்தான் என்று அத்தை கேட்டார். மஞ்சள் காமாலை என்றார் அப்பா. அவள் காபித் தட்டோடு நின்றாள்.

அன்றைக்கு அந்தப் பொய் சாத்திய கதவு. அவள் உள்ளேயே இருக்கிறாள்.

குழந்தை தவழத் தொடங்கியதும் முட்டியில் நீலம் கட்டியது. அவள் பவுடர் பூசினாள். காதுகுத்துக்கு நாள் குறித்தார்கள். வேண்டாம் என்றால் ஏன் என்பார்கள். தாய்மாமனாகக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள அவள் பெரியப்பா மகன் உட்கார்ந்தான். இளங்கோவின் இடத்தில்.

"கரையட்டும்" என்றாள் நர்ஸ், பிளாஸ்திரியிலிருந்து கண்ணெடுக்காமல்.

சும்மா நின்றிருந்த அத்தை புட்டியை எடுத்தார்.

சளி மருந்துப் பொடியில் வெந்நீர் ஊற்றி, மூடியை அழுத்திப் பிடித்துக் குலுக்கியே மூன்று பிள்ளைகளை வளர்த்த கை. உயர்ந்தது. ஒரு குலுக்கு. இன்னொன்று.

"குலுக்காதீங்க!"

வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. புகுந்த வீட்டில் அவள் குரல் இதுவரை அடுக்களையைத் தாண்டியதில்லை.

"குலுக்கினா மருந்து கெட்டுரும் அத்தை. உள்ளங்கையில வச்சு உருட்டணும். மெதுவா."

நர்ஸ் நிமிர்ந்தாள்.

"ஆமா பாட்டி, குலுக்கக் கூடாது. அவங்ககிட்ட குடுங்க." பிறகு அவளிடம், "இது உங்களுக்கு எப்படித் தெரியும், அக்கா?"

அவள் கையை நீட்டினாள்.

புட்டி அவள் கைக்கு வந்தது. குழந்தையின் கால்கள் அத்தையின் கைக்குப் போயின.

மருந்தின் மேல் வெள்ளையாக நுரை.

"அது அடங்கினாத்தான் ஊசியில எடுக்க முடியும்" என்றாள் நர்ஸ்.

அவள் உருட்டினாள். கைகளுக்கு மறக்கவில்லை. வலது முன்னால், இடது பின்னால். நுரை உடைகிறதா என்று பார்த்து, மறுபடியும். மடியில் பிள்ளை. பக்கத்தில் நர்ஸ். எதிரில் அத்தை. எழுந்து போக வழியில்லை.

அத்தை அந்தக் கைகளையே பார்த்தார். வெகுநேரம்.

"மஞ்சக் காமாலைன்னாரே உங்கப்பா."

அவள் கைகள் நின்றன.

புட்டி நடுவில் இருக்க, இரண்டு உள்ளங்கைகளும் சேர்ந்தபடியே நெஞ்சுக்கு நேரே நின்றன. கண்ணில் நிறைந்ததைத் துடைக்க ஒரு கையும் மிச்சமில்லை.

காதுப் பஞ்சை அழுத்த நீண்ட அத்தையின் மணிக்கட்டில் ஒரு சொட்டு விழுந்தது.

"கும்பிட்டது போதும்" என்றார் அத்தை. "உருட்டு."

அவள் உருட்டினாள்.

கதவருகில் செருப்புச் சத்தம். வெளியே போயிருந்த அவள் கணவன், கையில் பால் பிளாஸ்க்கோடு.

"என்னம்மா ஆச்சு? இவ கத்துறது கீழ வரைக்கும் கேட்டுச்சு."

அவள் தலை நிமிரவில்லை. புட்டிக்குள் இன்னும் நாலைந்து குமிழிகள்.

"ஒண்ணுமில்லடா" என்றார் அத்தை, அவளையே பார்த்துக்கொண்டு. "மருந்து கரையுது."