புதுக் குழாயில் நூல் மாதிரி தண்ணி

“இதுக்குப் பேரு குழாயாய்யா? ஒரு பக்கெட் ரொம்புறதுக்குள்ள ஆபீஸுக்கு நேரமாயிடுது!”

இளஞ்செழியன் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். பிளம்பர் கலியபெருமாள் இன்னும் வண்டியை விட்டே இறங்கவில்லை. குருசுக்குப்பத்திலிருந்து மூலக்குளத்துக்கு இந்த வாரத்தில் அவர் வருவது மூன்றாவது தடவை.

பாத்ரூமைப் புதுப்பித்துப் பத்து நாள்தான் ஆகிறது. எல்லாம் கைப்பிடியைத் தூக்கினால் கொட்டுகிற புது மாடல் குழாய்கள். மாடியில் தொட்டி நிறையத் தண்ணீர். ஆனால், குழாயைத் திறந்தால் நூல் மாதிரிதான் வருகிறது.

முதல் தடவை, குழாய் வாயில் இருந்த வலையைக் கழற்றி, அடைத்திருந்த மண்ணைத் தட்டிவிட்டுப் போனார். இரண்டாவது தடவை பார்த்தால், பாத்ரூமுக்குப் போகிற லைனில் வால்வு முக்கால்வாசி மூடியிருந்தது. திறந்துவிட்டார். தண்ணீர் ‘சோ’வென்று கொட்டியது.

“யாராச்சும் மூடினீங்களா சார்?”

“எங்க வீட்ல யாருய்யா அதைத் தொடப்போறாங்க? வேலை செஞ்சப்ப நீ மூடியிருப்ப, மறந்துட்ட.”

மறுநாள் காலையில் மறுபடியும் நூல்தான்.

“வால்வு என்ன, தானா மூடிக்குதா? இல்ல பேய் வந்து மூடுதா?” என்று இன்றைக்குத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான் இளஞ்செழியன்.

கலியபெருமாள் ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அரை மணி நேரம் ஆயிற்று. வெளியே வரும்போது கையில் கழற்றிய புதுக் குழாய் ஒன்று இருந்தது.

“என் தப்புதான் சார். வால்வைச் சரியா மாட்டல. இப்ப சரி பண்ணிட்டேன். பக்கெட்டுக்கு மட்டும் பழைய மாதிரி திருகுக் குழாய் போட்டிருக்கேன். அதுக்குக் காசு வேணாம்.”

“இத முதல்லயே ஒத்துக்கிட்டிருந்தா நான் ஏன் கத்தப்போறேன்?”

“விடுங்களேன், அதான் சரி பண்ணிட்டாரே” என்றாள் அவன் மனைவி சந்திரகலா.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு நெடுமாறன் உள்ளே வந்தார். மாடியில் புதிதாக இரண்டு பாத்ரூம் கட்டுகிறார். குழாய் வேலையைக் கலியபெருமாளிடம் பேசி முடித்திருந்தார்.

“கலியபெருமாள், நாளைக்கு ஆரம்பிச்சிடலாமா?”

“சார், வேற ஆளைப் பாருங்க” என்று குறுக்கே விழுந்தான் இளஞ்செழியன். “தப்பு என்னோடதுன்னு இப்பதான் அவர் வாயாலயே சொன்னாரு. கேட்டுப் பாருங்க.”

நெடுமாறன் தயக்கத்தோடு பார்த்தார். “அப்படியா கலியபெருமாள்?”

“ஆமாங்க சார்.”

“அப்ப... நான் யோசிச்சுட்டு போன் பண்றேன்.”

“சரிங்க சார்.” கலியபெருமாள் குனிந்து பையின் ஜிப்பை இழுத்தார்.

“அவர் மேல தப்பில்ல.”

எல்லாரும் திரும்பினார்கள். இளஞ்செழியனின் அப்பா ஆதிமூலம், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“வால்வ மூடினது நான்.”

“பெரியவரே, நீங்க உள்ள போங்க” என்றார் கலியபெருமாள் அவசரமாக. “அதான் நான் சொல்லிட்டேன்ல.”

“நீ சொல்லிட்ட. அதுக்காக உன் பொழப்பு போறதைப் பாத்துக்கிட்டு நிக்க முடியுமாப்பா?”

“உங்களுக்கு வால்வுல என்னப்பா வேலை?” இளஞ்செழியனின் குரல் ஏறியது. “ஒரு வாரமா நான் லோல்படறேன், பேசாம பாத்துக்கிட்டு இருந்தீங்களா?”

ஆதிமூலம் நெடுமாறனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். நடுங்கிய கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

“ராத்திரியில படுக்கையிலயே போயிடுது செழியா. ரெண்டு மாசமா இப்படித்தான். நீங்க எழுந்திருக்கறதுக்குள்ள துணியை அலசிப் போட்டுடுவேன். பழைய குழாய்னா மெதுவா திருகலாம். இது, என் கை பட்டாலே மொத்தமா சத்தத்தோட கொட்டுது. அதான் வால்வ முக்காவாசி மூடிட்டு அலசறது. அப்புறம் தொறக்க மறந்துடறேன்.”

நெடுமாறன் தெருப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். சந்திரகலா மாமனாரின் பக்கத்தில் போய் நின்றாள்.

இளஞ்செழியனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கலியபெருமாளிடம் திரும்பினான்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“இப்ப உள்ள போனப்பதான் சார். பக்கெட்டுல துணி இருந்துச்சு. யாருக்கும் தெரிய வேணாம்னு கையெடுத்துக் கும்பிட்டாரு.”

“நாளைக்கே வாங்க கலியபெருமாள்” என்றார் நெடுமாறன், திரும்பாமலே.

இளஞ்செழியன் அப்பாவின் கையைப் பிடித்தான்.

“கொட்டினா கொட்டிட்டுப் போவுது. சத்தம் கேட்டாத்தான் என்னப்பா? நான் என்ன சொல்லப்போறேன்?”

ஆதிமூலம் தலையைத் தூக்கவில்லை.

“புதுக் குழாய் போட்ட மறுநாளு விடியக்காலம் தொறந்தேன். ‘எவன்டா அது, தூங்கவிடாம தொல்லை பண்றது’ன்னு உள்ளேர்ந்து கத்துனியேப்பா... அன்னையிலேர்ந்துதான் மூடுறேன்.”