சும்மா பாக்க வந்த விருந்தாளி

"இங்கயே தங்கறதா? அது என் கையில இல்லப்பா"ன்னுச்சு பென் டிரைவ்.

அதுக்குள்ள கம்ப்யூட்டரை ஓட்டற லினக்ஸ்ங்கற மென்பொருள் இருந்துச்சு. மூணு வருஷமா துணி போத்திக் கிடந்த பழைய கம்ப்யூட்டர், அதைச் சொருகினதும் முழிச்சுக்கிச்சு. திரையில ரெண்டு பட்டன் வந்துச்சு: 'சும்மா பாக்கலாம்', 'இங்கயே போட்டுக்கலாம்'. கம்ப்யூட்டரோட சொந்தக்காரங்க லில்லி அக்கா முதல் பட்டனை அமுக்கிட்டாங்க.

"சும்மா பாத்தா, உன்னை உருவினதும் எனக்கு எல்லாம் மறந்துடுமே?"ன்னுச்சு கம்ப்யூட்டர்.

"மறந்துடும். பதினோரு வீடு போயிட்டேன். எல்லாரும் பாத்துட்டு அப்புறம் போட்டுக்கலாம்னுதான் சொல்றாங்க. அந்த அப்புறம் வர்றப்ப நான் அடுத்த வீட்டுல இருப்பேன்."

கம்ப்யூட்டர் அவசர அவசரமா ஒரு பாட்டைப் பாடிக் காட்டுச்சு. அக்கா கடிதம் அடிச்சாங்க. ஒரு எழுத்துகூட திக்கல.

"அட, பழசு நல்லா ஓடுதே!"

அம்புக்குறி மெல்ல 'இங்கயே போட்டுக்கலாம்' பக்கம் போச்சு. கம்ப்யூட்டர் ஃபேன் சத்தத்தைக்கூட அடக்கிக்கிச்சு.

"அக்கா, அந்த பென் டிரைவைக் குடுங்க, என் கம்ப்யூட்டரும் எழுந்திரிக்க மாட்டேங்குது!" வாசல்ல பக்கத்து வீட்டு ஜெனிட்டா. அக்கா கையை எடுத்துட்டாங்க.

"உன்னை மட்டுமாவது ஞாபகம் வச்சுக்கப் பாக்கறேன்"ன்னுச்சு கம்ப்யூட்டர்.

"உன்னால முடியாதுப்பா. நான் வச்சுக்கறேன்"னு சொல்லிட்டு பென் டிரைவ் கெளம்புச்சு.