கடைசிப் பாட்டு வரைக்கும்

இந்தக் காலத்தில் டாக்சி ஏறுகிற எவனுக்கும் எங்கே இறங்க வேண்டும் என்றே தெரிவதில்லை. ஒருத்தன் ஏறியதும் தூங்கிவிடுகிறான், இன்னொருத்தி போனோடு சண்டை போட்டுக்கொண்டே வருகிறாள், முன்னால் ஒரு மனுஷன் வண்டி ஓட்டுவது யார் கண்ணுக்கும் படுவதில்லை. இன்று ஏறியவன் அத்தனை பேரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டான் என்று கிழட்டு டிரைவர் பல்லைக் கடித்தார்.

பச்சை கேட் போட்ட அந்த வீட்டு வாசலில் மறுபடி வண்டியை ஓரம் கட்டினார். பின்சீட்டுக்காரன் கதவைத் திறந்தான். ஒரு காலை வெளியே வைத்தான். சுடுகல்லை மிதித்தவன் போல உள்ளே இழுத்துக்கொண்டான்.

"இன்னொரு சுத்து போங்க பெரியவரே. பாட்டு முடியட்டும்."

"போன சுத்துலயும் இதையேதான் சொன்னீங்க."

"அது வேற பாட்டு."

ஏறும்போதே தன் போனை வண்டி ஸ்பீக்கரோடு இணைத்துவிட்டான். அப்போதிருந்து டிரைவரின் காதுக்குள் ரெண்டு கிதாரும் ஒரு டிரம்மும் மல்லுக்கு நிற்கின்றன.

"இது பேரு பாட்டா? தகரக் கூரையில கல்லு கொட்டுற மாதிரி இருக்கு."

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "சரியாத்தான் சொல்றீங்க. ராக் ஆல்பம். 'துரு'ன்னு பேரு."

"எவனாவது துருன்னு பேரு வைப்பானா? எனக்கு வண்டிக்கு அடியில இருக்குறதே போதும்."

அவன் ரெண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டினான். "இப்ப கிதார் நின்னுடும், குரல் மட்டும் தனியா நிக்கும், கேளுங்க. இதோ, இங்க உடையுது பாருங்க. வேற யாரா இருந்தாலும் திரும்பப் பாடிச் சரி பண்ணியிருப்பாங்க. இவரு அப்படியே விட்டுட்டாரு."

"சளி பிடிச்சிருக்கும்."

"காலேஜ்ல சேர்ந்த புதுசுல, நமக்கு இந்தப் படிப்பு வராதுன்னு பெட்டியைக் கட்டிட்டேன் பெரியவரே. பக்கத்து ரூம்ல இந்தப் பாட்டு ஓடுச்சு. குரல் உடைஞ்ச பிறகும் அந்த மனுஷன் விடாம பாடுறாரு. அதைக் கேட்டதும் பெட்டியைப் பிரிச்சு உக்காந்து படிச்சேன். இன்னைக்கு நான் சோறு திங்கிறேன்னா, இந்தக் குரலாலதான்."

கண்ணாடியில் பார்த்தார் டிரைவர். அவன் உதடு தனக்குத்தானே எதையோ சொல்லிப் பார்த்தது. விரல்கள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன. போன வருஷம் இப்படித்தான் இவர் வண்டியில் வந்த ஒரு ரசிகன் நடிகை வீட்டு வாசலில் இறங்கி ஜன்னலில் கல்லை விட்டெறிந்தான். போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் விடிய விடியக் குத்தவைத்தது என்னவோ டிரைவர்தான்.

"அந்த வீட்டுல யாரு?"

"பாடுறவரு."

"அவர்கிட்ட உங்களுக்கு என்ன ஜோலி?"

"ஒரு விஷயம் சொல்லணும். வாய் வர மாட்டேங்குது."

"பாட்டு நல்லாருக்குன்னு சொல்ல இவ்வளவு நடுக்கமா? பொண்ணு கேட்டுப் போறவன்கூட இப்படி வேர்க்க மாட்டான்."

சொல்லிவிட்டு டிரைவர் செருமினார். பின்னால் இருந்தவன் சட்டென்று நிமிர்ந்தான்.

"இந்தக் கரகரப்பு உங்களுக்கு எத்தனை நாளா இருக்கு?"

"அது கிடக்கு. வண்டி ஓட்டுறதுக்குத் தொண்டை எதுக்கு?"

"அப்படி விட்டுடாதீங்க. எங்கயாவது காட்டிடுங்க."

பேச்சை மாற்றுகிறான், கள்ளன் என்று நினைத்துக்கொண்டார் டிரைவர். தெருமுனை டெய்லர் கடைக்காரன் இவர்கள் வண்டியை இப்போது நின்று பார்க்கவே ஆரம்பித்துவிட்டான்.

கடைசிப் பாட்டு வந்தது. இதில் கிதாரும் இல்லை, டிரம்மும் இல்லை. வெறும் குரல், நடுநடுவே மூச்சு வாங்கும் சத்தம். பின்சீட்டுக்காரன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அடுத்த ஆல்பத்துக்குப் பாட்டெல்லாம் எழுதி முடிச்சிட்டாராம்" என்றான், பாட்டு ஓய்ந்ததும். "பாட வேண்டியதுதான் பாக்கி."

"அதுவும் இதே கத்தல்தானா?"

போனில் முதல் பாட்டைத் தேடி அவன் விரல் மறுபடி நகர்ந்தது. டிரைவர் பச்சை கேட் முன்னால் வண்டியை நிறுத்தி, சாவியை உருவி, தானே இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தார்.

"இறங்குங்க தம்பி. இனிமே ஒரு சுத்தும் கிடையாது. கல்லு கில்லு ஏதாவது வச்சிருக்கீங்களா? கையைக் காட்டுங்க பாப்போம்."

அவன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். சுத்தமாக வெட்டிய நகங்கள். டிரைவர் பார்த்து முடித்த பிறகும் அவன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வெறும் கைதான் பெரியவரே."

"அப்ப போய்ச் சொல்லவேண்டியதைச் சொல்லிட்டு வாங்க. அந்த ஆளு உங்களைக் கடிச்சா தின்னுடப் போறான்?"

அவன் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். மணியை அடித்தான். டிரைவருக்கு நம்பிக்கை வரவில்லை. கத்துவதற்கு ஒருத்தன், அதைக் கேட்டு நடுங்குவதற்கு ஒருத்தன், நடுவில் டீசலைக் கரைக்க நான் ஒருத்தன் என்று முனகிக்கொண்டே வண்டியின் முன்கதவைப் பார்த்து நடந்தார்.

முதுகுக்குப் பின்னால் வீட்டுக் கதவு திறந்தது. "அட, நீங்களா? வாங்க" என்றது ஒரு குரல். இத்தனை நேரம் வண்டிக்குள் கேட்ட அதே குரல்தான், ஆனால் காற்றுப் போன மாதிரி மெலிந்திருந்தது.

வந்தவன் வாசற்படி ஏறவில்லை.

"பயாப்ஸி ரிசல்ட் வந்துடுச்சு சார். உங்க குரல்வளையை நான் எடுத்துத்தான் ஆகணும்."